யார் எழுதியது?

நீண்ட பதிவு. பொறுமை இல்லாதவர்கள் சேமித்து வைத்துக்கொண்டு பிறகு வாசிக்கலாம். இதில் வரும் மாணவியின் இசைவைப் பெற்றே எழுதுகிறேன். எழுதி முடித்ததும் இந்தியில் அவருக்குச் சொல்லிக் காட்டினேன். இரண்டு இடங்களைத் திருத்தினார். பெயரும் துறையும் வேண்டாம் என்றார். ஆகவே அவை இல்லை. பல்கலைக்கழகத்தின் பெயரும் இல்லை.

சென்ற குளிர்காலத்தில், தில்லியில் நான் ஆய்வு செய்யும் பல்கலைக்கழகத்தில், முனைவர் பட்ட ஆய்வேடு ஒன்றின் முன்சமர்ப்பிப்புக் கருத்தரங்கு நடந்தது. ஆய்வாளர் பீகாரின் மிதிலைப் பகுதியிலிருந்து வந்த மாணவி. இருபது நிமிடம் திரையில் படங்களைக் காட்டி வாசித்தார். குறை சொல்ல ஒன்றுமில்லை. பிறகு வெளியிலிருந்து வந்திருந்த பேராசிரியர், மூன்றாம் இயலின் ஒரு பக்கத்தில் விரலை வைத்துக்கொண்டு, கனிவாகவே கேட்டார்: “இங்கே, ‘குளம் என்பது போட்டிக்குட்பட்ட பொதுமையின் களம்’ என்று எழுதியிருக்கிறீர்கள். போட்டி யாருக்கும் யாருக்கும் இடையே? உங்கள் ஊர்க் குளத்தை வைத்துச் சொல்லுங்கள்.”

அவர் பேசவில்லை. பேராசிரியர் அடுத்த வரியைப் பற்றிக் கேட்டார். அதற்கும் மௌனம். அறையில் யாரோ இருமினார்கள். பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு, “இதை யார் எழுதியது?” என்றார்.

அந்த அறையில் அதற்கு விடை தெரிந்தவர்கள் இருவர். ஒருவர் திரைக்கருகே நின்றுகொண்டிருந்தார். மற்றவன் கடைசி வரிசையில் தலையைக் குனிந்து குறிப்பெடுப்பதுபோல் பாவனை செய்துகொண்டிருந்தான். அது நான்.

எங்கள் நூலகத்தின் பின்பக்கத்தில், முன்பு பழைய நாளிதழ்களைக் கட்டிவைத்திருந்த ஓர் அறை உண்டு. வியாழக்கிழமைதோறும் மாலை நான்கு முதல் ஆறு மணி வரை அங்கே ஆய்வு மாணவர்கள் நால்வர் முறைவைத்து அமர்கிறோம். ஆங்கிலத்தில் எழுதத் தடுமாறுகிறவர்கள் தங்கள் கட்டுரைகளை எடுத்துக்கொண்டு வருவார்கள். ஊதியம் கிடையாது. குளிர்காலத்தில் ஒரு சூடேற்றியும், எல்லாக் காலத்திலும் மூன்று நாற்காலிகளும் உண்டு. எனக்கு அந்த இருக்கையில் அமரும் தகுதி எப்படி வந்தது என்று கேட்டால், முன்பு மேசையின் மறுபக்கத்தில் அமர்ந்திருந்தவன் என்பதுதான் தகுதி.

திருவண்ணாமலை மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றின் அரசுப் பள்ளியில் பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ்வழியில் படித்தவன் நான். கல்லூரியில் இளங்கலை வரலாறு. ஏட்டில் ஆங்கிலவழி, வகுப்பில் தமிழ்வழி, தேர்வில் மனப்பாடவழி. முதுகலைக்குத் தில்லி வந்தேன். முதல் பருவக் கட்டுரையை பன்னிரண்டு நாள் இரவும் பகலும் உழைத்து எழுதிக் கொடுத்தேன். திரும்பி வந்தபோது பிழைகளுக்குக் கீழே சிவப்புக்கோடுகள் இருந்தன, அவற்றை எதிர்பார்த்திருந்தேன். ஆனால் கடைசிப் பக்கத்தில் ஆசிரியை ஒரே ஒரு கேள்வி எழுதியிருந்தார்: ‘நீ இதில் எங்கே இருக்கிறாய்?’ நான் துறை அலுவலகத்திற்கு ஓடினேன். முதல் பக்கத்தின் வலது மூலையில் பெயரும் பதிவெண்ணும் எழுதியிருக்கிறேனே என்று காட்டினேன். அலுவலக உதவியாளருக்கும் அந்தக் கேள்வி விளங்கவில்லை. இருவருமாகச் சேர்ந்து பதிவெண்ணை இன்னும் பெரிதாக எழுதினோம்.

இந்த நிகழ்ச்சியை நண்பர்களிடம் பலமுறை வேடிக்கையாகச் சொல்லியிருக்கிறேன். இப்போது அவ்வளவு சிரிப்பு வருவதில்லை.

இரண்டாம் மொழியில் ஆய்வெழுதும் மாணவரின் இடர்ப்பாடு என்றதும் எல்லோரும் இலக்கணத்தைத்தான் நினைக்கிறார்கள். அது இல்லாமலில்லை. தமிழில் ‘எ’, ‘தி’ என்னும் முன்னொட்டுச் சொற்களுக்கு நேரான ஒன்று இல்லை. ஆகவே நாம் அவற்றை உப்புப்போலத் தூவுகிறோம், சில இடங்களில் கைப்பிடி நிறைய, சில இடங்களில் மறந்தே போகிறோம். இந்திக்காரர் ‘ஆல்தோ’ என்று தொடங்கிய வாக்கியத்தில் ‘பட்’ என்றும் எழுதுவார். அவர் மொழியில் அவ்விரண்டும் சேர்ந்தே வரும். வங்காளியின் படர்க்கைப் பெயரில் ஆண்பால் பெண்பால் வேறுபாடு இல்லை; அவர் கட்டுரையில் ஒரே எழுத்தாளர் முதல் பத்தியில் ஆணாகவும் அடுத்ததில் பெண்ணாகவும் இருப்பார். வினையை இறுதியில் வைத்துப் பழகிய நமக்கு, எட்டு வரி வாக்கியத்தை எங்கே முடிப்பது என்ற கவலை தமிழில் இல்லை. வினை வந்து முடித்துவைக்கும். ஆங்கிலத்தில் வினை முன்னமே வந்துவிடுவதால் வால் மட்டும் நீண்டுகொண்டே போகும். இவையெல்லாம் வியாழக்கிழமை மாலையில் திருத்தக் கூடியவை. இரண்டு பருவங்களில் பாதி குறைந்துவிடும். மீதிப் பாதியோடு வாழ்ந்துவிடலாம், நான் வாழ்ந்துகொண்டிருக்கிறேன்.

திருத்த முடியாததாகத் தோன்றுவது வேறு. கட்டுரையின் ஒவ்வொரு வாக்கியமும் இன்னொருவருடையதாக இருக்கும். திருடியதன்று, அடிக்குறிப்பில் பெயரும் பக்க எண்ணும் ஒழுங்காக இருக்கும். ஆனால் அந்தப் பெரியவரின் வாக்கியத்தை எடுத்து, இரண்டு சொற்களை மாற்றி, ஒரு துணைவாக்கியத்தை நீக்கி, அடுத்த பெரியவரின் வாக்கியத்தோடு ‘மோர்ஓவர்’ என்னும் நூலால் தைத்திருப்பார்கள். இதற்கு ‘ஒட்டுப்போட்ட எழுத்து’ என்னும் பொருள்பட, ‘பேட்ச்ரைட்டிங்’ என்று 1990-களில் ரெபெக்கா மூர் ஹோவர்ட் என்னும் அமெரிக்க அறிஞர் பெயரிட்டார். ஏமாற்றும் எண்ணம் இல்லாமல், புதிய துறையின் மொழியைக் கற்றுக்கொள்ளும் ஒருவர் கடந்தே போகவேண்டிய கட்டமாக அதைப் பார்க்கலாம் என்பது அவர் கருத்து. பல்கலைக்கழகத்தின் மென்பொருள் அப்படிப் பார்ப்பதில்லை. அது எண்ணிச் சொல்கிறது.

பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018-ஆம் ஆண்டு விதிமுறைகளைத் தெரியாதவர்களுக்காக: ஒப்புமை 10 விழுக்காடு வரை குற்றமில்லை. 10-க்கு மேல் 40 வரை இருந்தால் ஆறு மாதத்திற்குள் திருத்தி மீண்டும் கொடுக்க வேண்டும். 40-க்கு மேல் 60 வரை என்றால் ஓராண்டுக்குத் திருத்திய ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கவே முடியாது. 60-ஐத் தாண்டினால் பதிவு நீக்கம். விதி தேவையானதுதான், முழு ஆய்வேட்டையே பெயர்மாற்றி ஒப்படைத்தவர்களை நானும் கேள்விப்பட்டிருக்கிறேன். ஆய்வு, வெளியீட்டு அறம் குறித்து இரண்டு மதிப்பலகு கொண்ட, முப்பது மணி நேரப் பாடமும் இப்போது எல்லோருக்கும் கட்டாயம். நான் பயின்ற வகுப்பில் என்னென்ன செய்யக் கூடாது என்பதைத் தெளிவாகக் கற்பித்தார்கள். வேறெப்படி எழுதுவது என்பதற்கு அந்த முப்பது மணி நேரத்தில் இடமில்லை.

செய்யக் கூடாது என்கிற அந்தச் செயலைத்தான் பன்னிரண்டு ஆண்டுகள் பள்ளியில் பாராட்டிப் பரிசளித்தார்கள் என்பது இதில் விந்தை. நான் தமிழ்க் கட்டுரையில் மாவட்ட அளவில் பரிசு வாங்கியவன். முன்னுரை, பொருளுரை, முடிவுரை; நடுநடுவே மனப்பாடம் செய்த மேற்கோள்கள்; அவற்றின் அடியில் கறுப்பு மையால் கோடு. ‘மரம் வளர்ப்போம்’ என்னும் தலைப்பில் குறைந்தது பத்துக் கட்டுரைகள் எழுதியிருப்பேன். எங்கள் வீட்டுக் கொல்லையில் அப்பா வெட்டிய புளியமரத்தைப் பற்றி அவற்றில் ஒன்றிலும் ஒரு வரி கிடையாது. எழுதலாம் என்று யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் மதிப்பெண் போய்விடும் என்று நானே எழுதியிருக்க மாட்டேன். ஒடிசாவிலிருந்தும் மணிப்பூரிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வருபவர்களிடம் கேட்டுப் பார்த்தேன். மரத்தின் பெயர் மாறுகிறது, கதை மாறவில்லை. ஆகவே ‘ஆங்கிலத்தில் சொந்தமாக எழுத வரவில்லை’ என்று ஒருவர் சொல்லும்போது, நான் ‘ஆங்கிலத்தில்’ என்ற சொல்லை மெல்ல எடுத்துவிட்டுப் பார்க்கிறேன்.

இதற்குப் பண்பாட்டு விளக்கம் ஒன்றும் உண்டு. அதை நான் வகுப்பிலேயே கேட்டேன். 1966-இல் ராபர்ட் கப்லன் என்னும் அமெரிக்க மொழியியலாளர், அயல்நாட்டு மாணவர்களின் ஆங்கிலக் கட்டுரைகளை ஆராய்ந்து, ஒவ்வொரு மொழிக் குடும்பத்தாரின் சிந்தனை ஓட்டத்திற்கும் ஒரு படம் வரைந்தார். ஆங்கிலத்திற்கு நேர்க்கோடு. கிழக்கத்தியருக்கு உள்நோக்கிச் சுழலும் சுருள். கப்லன் அச்சொல்லால் குறித்தது பெரும்பாலும் சீன, கொரிய மொழியினரை; பிற்காலத்தில் தம் கருத்தைத் தளர்த்திக்கொள்ளவும் செய்தார். எங்கள் வகுப்பில் அந்த நுணுக்கங்கள் கரைந்துபோயின. சுருளைக் கரும்பலகையில் வரைந்ததும் எல்லோரும் என்னையும் மணிப்பூர் நண்பரையும் பார்த்துச் சிரித்தார்கள். நாங்களும் சிரித்தோம்.

விடுதிக்குத் திரும்பிய பிறகு சிரிப்பு நிற்கவில்லை; ஆனால் வேறு காரணத்திற்காக. பள்ளியில் எங்கள் தமிழாசிரியர் பாடத்திட்டத்தை மீறிச் சில நாள் உரையாசிரியர்களைச் சொல்லிக்கொடுத்திருந்தார். தொல்காப்பியச் சொல்லதிகாரத்திற்கு உரை எழுதிய சேனாவரையர், தமக்கு முந்திய இளம்பூரணரை ‘உரையாசிரியர்’ என்று மரியாதையாகக் குறிப்பிட்டு, அவர் கூறியதை எடுத்துக்காட்டி, அது பொருந்தாது என்பதற்குக் காரணம் அடுக்குவார். எதிராளி என்ன கேட்பான் என்று தாமே ஊகித்து ‘எனின்’ என்று ஒரு தடையை எழுப்பி, அடுத்த வரியில் விடை சொல்வார். இதைவிட நேர்க்கோடு வேறென்ன வேண்டும்? சிறப்புப்பாயிரம் கூற வேண்டிய எட்டுச் செய்திகளை நன்னூல் பட்டியலிடுகிறது: ஆக்கியோன் பெயர், வழி, எல்லை, நூற்பெயர், யாப்பு, நுதலிய பொருள், கேட்போர், பயன். ஆய்வேட்டின் அறிமுக இயலில் நெறியாளர் கேட்பவை ஏறக்குறைய இவையே. ஒரு வேறுபாடு உண்டு. சிறப்புப்பாயிரத்தை நூலாசிரியன் தானே எழுதக் கூடாது. அவனுடைய ஆசிரியனோ, உடன் கற்றவனோ, மாணவனோ, உரைகாரனோ எழுத வேண்டும். ஆங்கிலமோ ‘முன்னோர் இதைக் கவனிக்கவில்லை, நான் கவனித்தேன்’ என்று நம் வாயாலேயே சொல்லச் சொல்கிறது. ஜான் ஸ்வேல்ஸ் 1990-இல் எழுதிய நூலில், ஆய்வுக் கட்டுரையின் முன்னுரை மூன்று நகர்வுகளால் ஆனது என்று காட்டினார்: களத்தைச் சொல்வது, அதில் உள்ள வெற்றிடத்தைக் காட்டுவது, அந்த இடத்தில் தான் அமர்வது. எங்கள் அறைக்கு வருபவர்களில் பெரும்பாலோர் முதல் நகர்வை ஆறு பக்கம் எழுதுவார்கள். இரண்டாவதில் கூச்சம் வரும். மூன்றாவது இருக்காது.

நன்னூலார் இன்னொன்றையும் சொல்கிறார். நேர்மைக்காக அதையும் சொல்லிவிட வேண்டும். பழைய சூத்திரங்களைத் தம் நூலில் அப்படியே எடுத்தாள்வதற்குக் காரணம் கூறும்போது, முன்னோரின் கருத்தை மட்டுமன்றி அவர்களுடைய சொல்லையும் பொன்னாகப் போற்றுவோம் என்கிறார். மானியக் குழுவின் மென்பொருள் பவணந்தியாருக்கு எத்தனை விழுக்காடு காட்டும் என்று அடிக்கடி எண்ணிப் பார்ப்பதுண்டு. ஆனால் அவர் எடுத்தாண்டதை எதற்காக எடுத்தாள்கிறோம் என்று தெரிந்து செய்தார், காரணத்தையும் எழுதிவைத்தார். நமக்குப் பள்ளியில் கிடைத்தது பொன்னைப் போற்றுகிற பாதி மட்டும். சேனாவரையரின் பாதியை யாரோ வழியில் இறக்கிவைத்துவிட்டார்கள். ஆகவே நம் மரபே இப்படித்தான் என்று தலையசைப்பவர்களிடம் எனக்கு உடன்பாடில்லை.

இப்போது அந்த மாணவிக்கு வருகிறேன்.

அவர் ஆய்வு மக்கானாவைப் பற்றியது. நம் ஊர்க் கடைகளில் தாமரை விதை என்று தவறான பெயரில் விற்கிறார்களே, அதுதான். உண்மையில் அது அல்லிக் குடும்பத்தைச் சேர்ந்த, இலையெல்லாம் முள்ளாக இருக்கும் ஒரு நீர்க்கொடியின் விதை. மிதிலை மக்கானாவுக்கு 2022-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. விதைகள் முற்றிக் குளத்தின் அடிச்சேற்றில் விழுந்துவிடும். மல்லா சமூகத்தைச் சேர்ந்தவர்கள் மூழ்கி அவற்றை வாரி எடுப்பார்கள். பிறகு காயவைத்து, அளவு பிரித்து, இரும்புச் சட்டியில் வறுத்து, சூடு ஆறுவதற்குள் மரச்சுத்தியால் ஓங்கி அடித்தால் கறுப்பு ஓடு உடைந்து வெள்ளைப் பொரி வெளியே வரும். இவருடைய ஊரிலும் இதுவே தொழில். மைதிலியில் இதைச் சொல்லத் தொடங்கினால் கைகள் தாமாகவே சுத்தியலைப் பிடிக்கும். ஆங்கிலத்தில் எழுதிக்கொண்டு வந்த இயலின் முதல் வரி, மக்கானா வளர்ப்பு ஊரக ஏழைகளின் சமூகப் பொருளாதார மேம்பாட்டில் ‘ப்ளேஸ் எ வைட்டல் ரோல்’ என்பது. இந்த வைட்டல் ரோலை எங்கள் அறையில் வாரம் இருமுறையாவது சந்திக்கிறேன். பட்டுப்புழுவும் வகிக்கும், பஞ்சாயத்து ராஜும் வகிக்கும்.

துறையில் இயல்தோறும் முன்கூட்டியே மென்பொருளில் இட்டுப் பார்ப்பது வழக்கம். மூன்றாம் இயலுக்கு 38 விழுக்காடு வந்தது. அழுதார் என்று தோழி சொன்னாள். பிறகு யாரோ சொல்லக் கேட்டு, இணையத்தில் கிடைக்கும் சொல்மாற்றுக் கருவி ஒன்றில் இயலை இட்டார். அது 38-ஐ 12 ஆக்கியது. சுய உதவிக் குழுவையும் ‘தன்னைத்தானே முன்னேற்றும் கூட்டம்’ ஆக்கியது. இத்தகைய தொடர்களுக்கு ‘சித்திரவதைக்குள்ளான சொற்றொடர்கள்’ என்று 2021-இல் கியோம் கபானாக்கும் அவருடைய சக ஆய்வாளர்களும் பெயர் வைத்தார்கள். அச்சான அறிவியல் கட்டுரைகளில் செயற்கை நுண்ணறிவு ‘போலி உணர்வு’ என்றும், மார்பகப் புற்றுநோய் ‘மார்பு ஆபத்து’ என்றும் மாறியிருப்பதை அவர்கள் கண்டுபிடித்தார்கள். படித்தபோது நான் சிரித்திருக்கிறேன். அந்த வியாழக்கிழமை, எதிரே அமர்ந்திருந்தவரின் முகத்தைப் பார்த்தபோது சிரிக்க முடியவில்லை.

“பையா, இன்னும் மூன்று வாரம்தான் இருக்கிறது” என்றார். என்னைவிட நான்கு வயது இளையவர். என் தங்கையின் வயது.

நான் செய்தது இதுதான். அந்த இயலை விடுதி அறைக்கு எடுத்துச்சென்று, மூன்று வாரம், இரவு பத்து மணிக்கு மேல் அமர்ந்து, முதலிலிருந்து கடைசி வரை நானே எழுதினேன். அவர் குறிப்புகளைத்தான் வைத்துக்கொண்டேன்; ஆனால் குறிப்புகளுக்கு இடையே உள்ளதையெல்லாம் நான் நிரப்பினேன். எதைக் கொண்டு நிரப்பினேன் என்றால், என்னிடம் இருந்ததைக் கொண்டு. என் ஆய்வு வட ஆற்காட்டு ஏரிகளும் குடிமராமத்தும் பற்றியது. பொதுவளம், போட்டி, களம் என்பவை நான் பல ஆண்டுகள் மென்ற சொற்கள். அவர் குளத்தில் என் ஏரியின் நீரை ஊற்றிவிட்டேன். ஒப்புமை 6 விழுக்காடு வந்தது. நெறியாளர் மகிழ்ந்தார். அவர் எனக்கு வீட்டிலிருந்து வந்த ஒரு பை மக்கானா கொண்டுவந்து கொடுத்தார். உதவி செய்த மகிழ்ச்சி எனக்கும் இருந்தது; மறைப்பானேன், என் ஆங்கிலத்தைப் பற்றிய பெருமையும் இருந்தது. பதிவெண்ணைப் பெரிதாக எழுதிய பையன் எவ்வளவு தூரம் வந்துவிட்டான் என்று.

கருத்தரங்கில் பேராசிரியர் கேட்ட அந்த வாக்கியம் என்னுடையது. அடுத்த வாக்கியமும் என்னுடையதே.

நான் எழுந்து சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. சொன்னால் அவர் பட்டத்திற்கே ஆபத்து என்று அப்போது எனக்கு நானே கூறிக்கொண்டேன். என் பெயருக்கு ஆபத்து என்பதும் அதில் கலந்திருந்தது. கடைசியில் அவரே, தணிந்த குரலில், இந்தியில், “எழுத உதவி பெற்றேன் ஐயா, இன்னும் எனக்கு விளங்கவில்லை” என்றார். பேராசிரியர் நல்லவர். மூன்றாம் இயலை மீண்டும் எழுதி வரச் சொல்லி ஆறு வாரம் கொடுத்து, மேற்கொண்டு கிளறாமல் விட்டார்.

மாலையில் தேநீர்க் கடைப் பக்கம் அவரைத் தேடிப்போனேன். மன்னிப்புக் கேட்க எண்ணிப் போனவனிடம் அவர் கோபிக்கவில்லை. “அண்ணியின் பட்டுச் சேலையைக் கட்டிக்கொண்டு கல்யாணத்திற்குப் போனதுபோல் இருந்தது, பையா. எல்லோரும் நன்றாக இருக்கிறது என்றார்கள். எனக்குத்தான் கீழே உட்கார முடியவில்லை” என்றார். நம் ஊரில் இரவல் சேலையை நம்பி இடுப்புக் கந்தையை எறிந்தவளைப் பற்றி ஒரு பழமொழி உண்டு. அதை மொழிபெயர்த்துச் சொல்ல வாய் வரவில்லை. எறிந்தவள் அவர் அல்லர். அவருடையதைக் கந்தை என்று எண்ணி எறிந்தவன் நான்.

அடுத்த வியாழனிலிருந்து வேறு விதமாகத் தொடங்கினோம். மடிக்கணினி இல்லை, தாள் இல்லை. கைப்பேசியில் ஒலிப்பதிவை இயக்கி மேசைமேல் வைத்து, “உன் அம்மாவிடம் சொல்வதுபோல் மைதிலியில் சொல், எனக்குப் புரிய வேண்டியதில்லை” என்றேன். முதலில் வெட்கப்பட்டார். பிறகு நாற்பது நிமிடம் பேசினார். வீட்டிற்குச் சென்று தாமே கேட்டு, எந்த இடத்தில் குரல் உயர்ந்ததோ அந்த இடத்தைக் குறித்துக்கொண்டு வரச் சொன்னேன். அதை இந்தியில் எனக்கு விளக்கினார். ஐந்து இடங்கள் இருந்தன. அவற்றுள் ஒன்று: குளத்தின் குத்தகைத் தாள் இருப்பது ஒருவர் பெயரில், மூச்சடக்கி மூழ்குகிறவன் வேறொருவன், இரண்டு பேரும் ஒரே சமூகம், சில வீடுகளில் ஒரே குடும்பம். ஆகவே மேல்சாதி நிலவுடைமையாளருக்கும் மல்லாக்களுக்கும் இடையே என்று எல்லா நூல்களும் எழுதுகிற அந்தப் போட்டி, இவருடைய ஊரில் அண்ணனுக்கும் தம்பிக்கும் இடையே நடந்துகொண்டிருந்தது. “இதை எந்த நூலில் படித்தாய்?” என்று கேட்டேன். “படிக்கவில்லை. என் சித்தப்பா வீட்டில் பார்த்தேன். இதை எழுதலாமா?” என்றார்.

இதை எழுதலாமா என்று கேட்டாரே, அதில்தான் நான் வெகுநேரம் நின்றுவிட்டேன். ஐந்து ஆண்டு ஆய்வு செய்த ஒருவர், தாம் கண்ணால் கண்டதை எழுதுவதற்கு அனுமதி கேட்கிறார். புளியமரத்தை எழுதாத என்னையன்றி வேறு யாரிடம் அவர் அதைக் கேட்டிருக்க முடியும்?

அந்த ஐந்து இடங்களையும் ஐந்து சிறிய ஆங்கில வாக்கியங்களாக அவரே எழுதினார். எழுவாய், வினை, முற்றுப்புள்ளி. ஒவ்வொன்றின் கீழும், இதை முன்பு யார் வேறுவிதமாகச் சொன்னார்கள், அவர்கள் எங்கே பொருந்தவில்லை என்று இந்தியில் பேசி, பிறகு ஆங்கிலத்தில் எழுதினார். சேனாவரையரைப் பற்றி அவரிடம் சொன்னேன். ‘எனின்’ என்ற சொல் அவருக்குப் பிடித்துப்போயிற்று. தாளின் ஓரத்தில் தேவநாகரியில் ‘எனின்’ என்று எழுதி, அதற்கு நேரே எதிர்ப்பாளரின் கேள்வியை எழுதிக்கொள்வார். நான் ஒரு சொல்லையும் மாற்றுவதில்லை என்று உறுதி எடுத்திருந்தேன். இரண்டு முறை மீறினேன். இரண்டு முறையும் அவர் அழித்துவிட்டார்.

இது எளிதான வழி என்று நான் சொல்ல மாட்டேன். ஒரே ஒரு இயலுக்கு ஆறு வாரம் ஆயிற்று. வியாழக்கிழமையன்று வரிசையில் நின்ற மற்றவர்களுக்கு அந்த ஆறு வாரமும் நேரம் கிடைக்கவில்லை; சிலர் வருவதையே நிறுத்தினார்கள். மூன்று நாற்காலிகளும் நான்கு மாணவர்களும் கொண்டு செய்யக் கூடிய காரியமன்று இது. தேசியக் கல்விக் கொள்கை 2020, முனைவர் பட்டத்திற்குச் சேரும் எல்லோருக்கும் கற்பித்தலிலும் எழுத்திலும் மதிப்பலகுப் பாடங்கள் இருக்க வேண்டும் என்று ஓரிடத்தில் சொல்லிச் செல்கிறது. நாங்கள் அதைத் துறையில் சுட்டிக்காட்டினோம். ஆங்கிலத் துறையிடம் கேளுங்கள் என்றார்கள். ஆங்கிலத் துறையினர், நாங்கள் இலக்கியம் கற்பிப்பவர்கள் என்றார்கள். இருவர் சொன்னதும் உண்மையே.

இப்போது செயற்கை நுண்ணறிவு இருக்கிறதே, இன்னும் ஏன் இந்தத் துன்பம் என்று பின்னூட்டத்தில் கேட்கப் போகிறவர்களுக்கு முன்கூட்டியே ஒரு சொல். நான் மூன்று வாரத்தில் செய்ததை அது மூன்று நொடியில் செய்யும். என் குற்றத்தையும் சேர்த்தே செய்யும். போதாதற்கு, எழுதியது மனிதரா இயந்திரமா என்று கண்டறிவதாகச் சொல்லும் கருவிகள் நம்மைப் போன்றவர்களிடம்தான் அதிகம் தவறுகின்றன. 2023-இல் ஸ்டான்ஃபோர்ட் ஆய்வாளர்கள், ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாதவர்கள் எழுதிய 91 டோஃபல் கட்டுரைகளை அத்தகைய ஏழு கருவிகளிடம் கொடுத்தார்கள். மனிதர் கைப்பட எழுதிய அவற்றில் சராசரியாக 61 விழுக்காட்டை இயந்திரம் எழுதியது என்று அவை சொல்லிவிட்டன. எளிய சொற்களில், சிறிய வாக்கியங்களில் எழுதுவது அவற்றுக்கு ஐயத்தைத் தருகிறது. அந்த மாணவியின் புதிய இயல் எளிய சொற்களால், சிறிய வாக்கியங்களால் ஆனது. ஒலிப்பதிவுகளை அழிக்காமல் வைத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன்.

புதிய இயலுக்கு ஒப்புமை 8 விழுக்காடு வந்தது. சென்ற மாதம் பேராசிரியரின் குறிப்புகள் வந்தன. இரண்டு பக்கம் மொழிப் பிழைகள். விடுபட்ட ‘தி’கள் வட்டமிடப்பட்டிருந்தன. மூன்றாம் பக்கத்தில் அரைப்பக்கம், குத்தகைத் தாளைப் பற்றி அவர் எழுதிய முடிவை ஏற்க முடியாது என்றும், ஓர் ஊரை வைத்துச் சொல்வது போதாது என்றும், பக்கத்து ஊர்களில் நிலைமை என்ன என்றும் கேட்டிருந்தார். மாணவி அந்த அரைப்பக்கத்தை மட்டும் படமெடுத்து எனக்கு அனுப்பினார். கீழே, “பையா, சார் என்னோடு சண்டைக்கு வருகிறார்” என்று எழுதி, சிரிக்கும் முகங்களை வரிசையாக வைத்திருந்தார். மறுவாரமே தர்பங்காவுக்கு ரயில் ஏறிவிட்டார்.

நான் என் ஆய்வேட்டின் இரண்டாம் இயலை எடுத்துக்கொண்டேன். ஏற்கெனவே நெறியாளர் ஏற்றுக்கொண்ட இயல். கைப்பேசியை மேசைமேல் வைத்து, ஒவ்வொரு வாக்கியத்தையும் ஊரில் இருக்கும் அப்பாவுக்குத் தமிழில் சொல்வதாக எண்ணிக்கொண்டு சொல்லிப் பார்த்தேன். அவர் ஏரிப் பாசனத்தில் நாற்பது ஆண்டு மடை திறந்தவர், எளிதில் விடமாட்டார். முதல் இருபது பக்கங்களில் பதினொரு வாக்கியங்களைச் சொல்ல முடியவில்லை. நல்ல வாக்கியங்கள்தான். கருத்தரங்குகளில் பாராட்டுப் பெற்றவையும் அவற்றில் இருக்கின்றன. ஏழினை அடித்துவிட்டேன். நான்கின் ஓரத்தில் ‘எனின்’ என்று எழுதிவைத்திருக்கிறேன். திங்கட்கிழமை நெறியாளரைப் பார்க்க வேண்டும்.